தொண்டை கெடாதவன்

மலைச்சாமி வாத்தியார் மூன்று முறை மனுப் போட்டுத்தான் அந்தோணிமுத்துவை வரவழைத்தார். 'இப்பள்ளிக்கு இரண்டாவது ஆசிரியர் இன்றியமையாதவர்' என்று மூன்று மனுவிலும் ஒரே வாக்கியம். ஆள் வந்து சேர்ந்த மூன்றாவது வாரமே, எந்த நேரத்தில் அந்த மனுவில் கையெழுத்துப் போட்டோம் என்று நொந்துகொள்ள ஆரம்பித்துவிட்டார்.

அவர் எனக்குத் தாய்மாமன். குஜிலியம்பாறைக்குக் கிழக்கே நாலு மைல் தள்ளி, வானம் பார்த்த பூமியில், கள்ளிப்பொட்டல் என்று ஓர் ஊர். அந்த ஊர் ஆரம்பப் பள்ளிக்கு மாமா ஹெட்மாஸ்டர். யாருக்கு ஹெட் என்று கேட்கக் கூடாது. ஒன்பது வருஷம் அங்கே அவர் ஒருவர்தான் வாத்தியார். நீளமாக ஒரு ஓட்டுக் கட்டடம். நடுவில் சுவரும் இல்லை, தட்டியும் இல்லை. அதற்குள் ஒன்றிலிருந்து ஐந்து வரை ஐந்து வகுப்பு. மதிய உணவு வந்த பிறகு ஆடு மேய்க்கப் போன பிள்ளைகளெல்லாம் தட்டோடு வந்து உட்கார்ந்துவிட்டன. தொண்ணூறு பிள்ளைகள். தொண்ணூறு பேரின் சத்தத்துக்கு மேலே ஒரு சத்தம் போட்டால்தான் பாடம் நடக்கும். மாமா போட்டார். மொச்சைக் காட்டில் களை எடுக்கிற பெண்கள், "வாத்தியாரு ஏழாம் வாய்ப்பாட்டுக்கு வந்துட்டாரு, கஞ்சி குடிக்க நேரமாச்சு" என்று அவர் குரலை வைத்துத்தான் பொழுது பார்த்தார்களாம்.

பாடம் மட்டுமா? ஜனத்தொகை எடுக்க அவர். ஓட்டர் லிஸ்ட் திருத்த அவர். பர்மாவிலிருந்தும் சிலோனிலிருந்தும் கடிதம் வந்தால் படித்துச் சொல்ல அவர். பருப்பு எத்தனை படி வெந்தது என்று எழுதவும் அவரே. மத்தியானச் சோறு பாதி நாள் சாயங்காலம்தான் வாயில் விழும். வயிற்றெரிச்சலுக்குச் சட்டைப்பையில் எப்போதும் ஒரு பொட்டலம் சோடா உப்பு இருக்கும். இதையெல்லாம் அவர் குறையாகச் சொன்னதில்லை. 'நான் இல்லேன்னா இந்தப் பள்ளிக்கூடம் நாறிப்போகும்' என்று சொல்லிக்கொள்வதில் ஒரு ருசி இருந்தது. அந்த ருசியில்தான் அந்தோணிமுத்து வந்து மண்ணைப் போட்டான்.

நேரில் அவனை மாமா 'தம்பி' என்பார். மனசுக்குள் 'அவன்' என்பார். இங்கேயும் அவன் என்றே இருக்கட்டும்.

திண்டுக்கல்காரன். வயது இருபத்து நாலு. மாதாகோயிலில் சின்னப் பிள்ளையிலிருந்து பாட்டுக்குழுவில் பாடியவன். குஜிலியம்பாறையில் ஓர் அறை எடுத்துக்கொண்டு சைக்கிளில் வந்து போனான். மாமா நாலாவது, ஐந்தாவதை வைத்துக்கொண்டு ஒன்று, இரண்டு, மூன்றை அவனிடம் தள்ளினார். குட்டிப் பிசாசுகள், இரண்டே நாளில் இவன் கதறுவான் என்பது கணக்கு.

அவன் கதறவில்லை. பிள்ளைகள் சத்தம் போட்டால் அவன் குரலைத் தாழ்த்தினான். இன்னும் சத்தம் போட்டால் இன்னும் தாழ்த்தினான். சார் என்ன சொல்கிறார் என்று கேட்பதற்காகப் பிள்ளைகள் ஒன்றையொன்று கிள்ளி அடக்கின. தேவைப்பட்டால் ஒரு தடவை கை தட்டுவான். அவ்வளவுதான். அவனுடைய மூன்று வகுப்பும் கிணற்றுத் தண்ணீர் மாதிரி கிடக்க, பத்தடி தள்ளி மாமாவின் இரண்டு வகுப்பும் மாமாவோடு சேர்ந்து கத்திக்கொண்டிருந்தன.

மத்தியானம் அவன் உட்கார்ந்து, மென்று, நிதானமாகச் சாப்பிட்டான். பிறகு பூவரச மரத்தடியில் பெஞ்சைப் போட்டு, கைக்குட்டையை முகத்தில் விரித்துப் பத்து நிமிஷம் படுத்தான். நாலரை மணிக்குச் சைக்கிளை எடுத்தான். போகும்போது சீட்டியடித்தான்.

"வேலைக்கு வந்தவன் மாதிரியா இருக்கான்? விருந்துக்கு வந்தவன் மாதிரி இருக்கான்" என்றார் மாமா வீட்டில்.

"பிள்ளைக படிக்கலையா?" என்றாள் சின்னக்கண்ணு அத்தை.

"படிக்குதுக."

"அப்பறம் என்ன?"

பிள்ளைகள் படிக்காமல் இருந்திருந்தால் மாமாவுக்குத் தூக்கம் வந்திருக்கும். தொண்ணூறு பேரைக் கட்டி மேய்க்க முடியாமல் ஒன்பது வருஷம் வயிறு எரிந்தது உண்மை. ஆனால் அந்த எரிச்சல் இல்லாமலே இந்த வேலையைச் செய்ய முடியும் என்று ஒருவன் கண்ணெதிரே காட்டிக்கொண்டு திரிவது அதைவிட எரிந்தது. அவன் முகத்தில் எண்ணெய் வழியாததைப் பார்த்தார். வெள்ளிக்கிழமைகூட அவன் சட்டைக் காலர் கசங்காததைப் பார்த்தார். முக்கியமாக அந்தக் குரல். காலையில் எப்படி வந்ததோ அப்படியே சாயங்காலமும் இருந்தது.

மாமாவின் குரல் அப்படி இல்லை. ஆவணியில் கம்ம ஆரம்பித்தது. புரட்டாசியில் உடைந்தது. "ஏலே, என்னடா சத்தம்!" என்று அவர் அதட்டினால் 'ஏலே' மட்டும் வரும். மிச்சம் ஆட்டுக்குட்டி கத்துகிற மாதிரி மேலே போய்ப் பிசிறும். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கின.

ஒரு நாள் அந்தோணிமுத்து வந்து பக்கத்தில் நின்றான். "அய்யா, செத்த நேரம் உக்காருங்களேன். நாலாவது அஞ்சாவதையும் சேத்து நான் பாத்துக்கிறேன்."

"எதுக்குத் தம்பி? அப்படியே என் நாக்காலியிலயும் உக்காந்து பாத்துக்கிறீகளா?"

கைப்பிடி வைத்த நாற்காலி அந்தப் பள்ளியில் ஒன்றுதான் உண்டு. அவன் தன் வகுப்புக்குத் திரும்பிப் போனான். கோபப்பட்டிருந்தாலாவது மாமாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அத்தைதான் அவரை இழுக்காத குறையாகத் திண்டுக்கல்லுக்குக் கூட்டிப் போனாள். அப்துல் கையூம் என்று எல்.எம்.பி. படித்த டாக்டர் ஒருவர். சின்ன வட்டக் கண்ணாடியை அனல் காட்டித் துடைத்துத் தொண்டைக்குள் விட்டுப் பார்த்தார்.

"வாத்தியாரே, உள்ள மொளகு கணக்கா ரெண்டு கொப்புளம் இருக்கு. கத்திக் கத்தி வந்தது. ஒரு மாசம் வாயைத் தொறக்கப்படாது."

"மொள்ளப் பேசலாமா?"

"கிசுகிசுன்னுகூடப் பேசப்படாது. அது இதைவிட மோசம்."

"பேசினா?"

"பேசினா, பொறவு பேசணும்னு ஆசைப்பட்டாலும் வராது. குரல் இல்லாத வாத்தியாருக்கு யூனியன் ஆபீஸ்ல என்ன வேலை குடுப்பாங்க? யோசிங்க." சர்டிபிகேட்டை எழுதிக் கையில் கொடுத்தார்.

அந்தச் சர்டிபிகேட்டைப் பதினோரு நாள் மாமா சட்டைப்பையிலேயே வைத்திருந்தார், சோடா உப்புக்குப் பக்கத்தில். லீவு போட்டால் பள்ளியின் பொறுப்பு அந்தோணிமுத்துவுக்குப் போகும். 'ஹெட்மாஸ்டர் பொறுப்பு' என்று அவன் கையெழுத்துப் போடுவான். இன்ஸ்பெக்டர் வருவார், கிணற்றுத் தண்ணீர் மாதிரி கிடக்கும் ஐந்து வகுப்பையும் பார்ப்பார், 'இந்த மலைச்சாமி ஒன்பது வருஷம் என்னதான் செய்துகொண்டிருந்தான்?' என்று கேட்பார். தொண்டை போனாலும் போகட்டும், இது நடக்கக் கூடாது. பதினோரு நாளும் பேசினார்.

பன்னிரண்டாம் நாள் காலைப் பிரார்த்தனை. முதல் அடியை மாமா எடுத்துக்கொடுக்க, பிள்ளைகள் பின்னால் பாடுவது வழக்கம். வாயைத் திறந்தார். காற்று வந்தது. மறுபடி திறந்தார். அதுவும் இல்லை. தொண்ணூறு பிள்ளைகளும் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றன. கடைசி வரிசைக்குப் பின்னாலிருந்து, ஒன்றுமே நடக்காதது மாதிரி அந்தோணிமுத்து அந்த அடியை எடுத்தான். பிள்ளைகள் திரும்பிக்கூடப் பார்க்காமல் பாட ஆரம்பித்தன.

பாட்டு முடிவதற்குள் மாமா சாவிக்கொத்தையும் சர்டிபிகேட்டையும் மேஜைமேல் வைத்துவிட்டு வீட்டைப் பார்க்க நடந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து சிலேட்டை எடுத்தார். 'இன்றிலிருந்து நான் பேசக் கூடாது' என்று எழுதி அத்தையிடம் நீட்டினார். அத்தை அதை இப்படித் திருப்பி அப்படித் திருப்பிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். சிரிப்பு நிற்கவே இல்லை.

"ஊர்ப் பிள்ளைக அம்புட்டுக்கும் எழுத்துச் சொல்லிக் குடுத்தீக. வீட்டுல ஒருத்தி தற்குறியா கெடக்காளேன்னு ஒரு நாளாச்சும் நெனச்சீகளா? இப்ப யாருட்ட நீட்டுறீக?"

சோறு, வெஞ்சனம், வெந்நீர் எல்லாம் கைச் சைகையில் ஓடிவிட்டது. ஓடாத விஷயம் ஒன்றுதான். பள்ளிக்கூடத்தில் என்ன நடக்கிறது? மூன்றாம் நாளுக்கு மேல் அவரால் பொறுக்க முடியவில்லை. சிலேட்டில் எழுதி அத்தை கையில் கொடுத்து, தெருக்கோடியைக் காட்டினார். அங்கே சடையாண்டி பெட்டிக்கடை வைத்திருந்தார். தினம் பேப்பர் வாங்கிக் கடை வாசலில் விரித்துவைத்துக்கொண்டு ஊர்க்காரர்களுக்கு உலகச் செய்தி சொல்கிறவர். அவரிடம் காட்டிப் படிக்கச் சொல், பதில் விசாரித்து வா என்று அர்த்தம். அத்தை தலையாட்டிவிட்டுப் போனாள். அரை மணி நேரத்தில் பதிலோடு வந்தாள்.

அன்றிலிருந்து அதுவே வேலையாயிற்று. மாமா எழுதுவார், அத்தை தூக்கிக்கொண்டு போவாள், வந்து சொல்வாள்.

'என் நாற்காலியில் உட்காருகிறானா?'

"உக்காரலையாம். மேப்பைச் சுருட்டி அது மேல வச்சிருக்காராம்."

'மத்தியானம் இப்போதும் தூங்குகிறானா?'

"தூங்குறாராம். அதே பத்து நிமிசந்தானாம்."

'ஐந்து வகுப்பையும் ஒருவனே எப்படிச் சமாளிக்கிறான்?'

"அஞ்சாவதுப் பிள்ளைகள ஒண்ணாவதுக்குச் சொல்லிக் குடுக்க விட்டிருக்காராம். நீங்க அதுகளுக்குப் போட்ட அடித்தளம் கெட்டியா இருக்காம், அதான் முடியுதாம்."

மாமாவுக்கு அது பிடிக்கவில்லை. பாராட்டு மாதிரி இருந்தது. அடுத்த நாளிலிருந்து ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்ப எழுதினார். 'அவனுக்குத் தொண்டை கட்டியதா?'

"இல்லையாம்."

'இன்று?'

"இல்லையாம்."

தொண்ணூறு பேர், ஐந்து வகுப்பு, தனி ஆள். மாமாவின் தொண்டையைத் தின்ற அதே பள்ளிக்கூடம். அவன் தொண்டையை மட்டும் தொடமாட்டேன் என்கிறதே! பத்தொன்பதாம் நாள் அவருக்கு வெட்கம் விட்டுப் போயிற்று. 'எனக்கு மட்டும் ஏன் கெட்டது? அவனுக்கு ஏன் கெடவில்லை? அப்படி என்னதான் தின்கிறான் அவன்?' என்று எழுதிக் கொடுத்தார். அன்றைக்கு அத்தை வெறும் கையை விரித்துக்கொண்டு வந்தாள். "நாளைக்குச் சொல்றாகளாம்."

மறுநாள் காலையிலிருந்தே மாமாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அத்தை தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று போனவளைக் காணோம். அவளுக்காகக் காத்திராமல், வேறொரு சிலேட்டில் 'என்ன பதில்?' என்று எழுதிக்கொண்டு தானே சடையாண்டி கடைக்குப் போனார்.

சடையாண்டி சிலேட்டை வாங்கினார். கண்ணுக்குக் கிட்டே கொண்டு போனார். தூரத்தில் பிடித்தார். "ஆகா, நல்லா எழுதிருக்கீக" என்றார்.

சிலேட்டு அவர் கையில் தலைகீழாக இருந்தது.

மாமா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். சடையாண்டி முகம் சுருங்கிப் போயிற்று. "வாத்தியாரே, வெளிய சொல்லிராதீக. பேப்பர்ல படம் பாத்துத்தான் ஓட்டுறேன். ஒங்க வீட்டம்மாட்ட மொத நாளே சொல்லிட்டேன். அது அன்னையிலேர்ந்து பள்ளிக்கூடத்துக்குல்ல போகுது?"

ஒரு கேள்வி விடாமல் அத்தனையும் அவன் படித்திருக்கிறான். நாற்காலி. தூக்கம். தொண்டை கட்டியதா, கட்டியதா என்று தினம் தினம். கடைசியில் நேற்றைக்கு, 'என்னதான் தின்கிறான் அவன்?'

பள்ளிக்கூடத்துக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தார் என்று அவருக்கே தெரியாது. மத்தியான இடைவேளை. பூவரச மரத்தடியில் அவன் படுத்திருந்தான். முகத்தில் கைக்குட்டை. கூடத்துக்குள்ளே, ஒன்றாம் வகுப்பு உட்காரும் பலகையில், இரண்டு குட்டிப் பெண்களுக்கு நடுவில் அத்தை கால் மடக்கி உட்கார்ந்திருந்தாள். மடியில் மாமாவின் சிலேட்டு. நாக்கைக் கடித்துக்கொண்டு தன் பெயரின் முதல் எழுத்தான 'சி'யைப் போட்டுக்கொண்டிருந்தாள். சிலேட்டின் மேல் சட்டத்தோரமாக, பெரிய எழுத்தில் மாதிரிக்கு ஒரு 'சி' இருந்தது. அது அவன் போட்டது.

தன் நாற்காலியில் அவன் உட்கார்ந்திருந்தால்கூட மாமாவுக்கு இப்படி இருந்திருக்காது. பெண்டாட்டிக்கு முதல் எழுத்தை அவன் போட்டிருக்கிறான். அவள் அதைப் பார்த்து, வளைவுக்கு வளைவு எழுதிக்கொண்டிருக்கிறாள்.

கத்துவதற்கு வாயைத் திறந்தார். மூச்சு தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. டாக்டர் சொன்னதெல்லாம் அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை என்று அவரே பிற்பாடு ஒப்புக்கொண்டாராம். நினைவுக்கு வந்தது வேறு. கத்தினால் ஆட்டுக்குட்டிச் சத்தந்தான் வரும். அவன் எழுந்து உட்கார்ந்து, கைக்குட்டையை மடித்துக்கொண்டே அதைக் கேட்பான். அந்தக் கெடாத குரலில் கேட்பான், "என்னங்கய்யா?" என்று.

மாமா வாயை மூடிக்கொண்டார்.

கூடத்துக்குள் போனார். அத்தை நிமிர்ந்து பார்த்து எழுந்திருக்கப் போனாள். மாமா பலகையில் உட்கார்ந்து, அவள் மடியிலிருந்து சிலேட்டை வாங்கி, சட்டத்தோரம் இருந்த அந்த 'சி'யைப் புறங்கையால் தேய்த்து அழித்தார். அந்த இடத்தில் தன்னுடைய 'சி'யைப் போட்டார். பிறகு அத்தை விரலைப் பிடித்து அதன்மேல் ஒருமுறை ஓட்டினார். இன்னொருமுறை ஓட்டினார். மூன்றாம் முறை கையை விட்டார். அவள் தானாக எழுதினாள். சுழி கோணலாக வந்தது. மாமா தலையை அசைத்தார். மறுபடி எழுதினாள். குட்டிப் பெண்கள் இரண்டும் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தன. எழுத்துச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்து அவர் கத்தாமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

நிமிர்ந்தபோது வாசலில் அந்தோணிமுத்து நின்றிருந்தான்.

"நேத்து ஒண்ணு கேட்டிருந்தீங்கய்யா" என்றான். "எழுதி அனுப்பணும்னு இருந்தேன். நேரா வந்துட்டீங்க."

மாமா அவன் காலைப் பார்த்தார்.

"விசேசமா எதுவும் திங்கலைங்கய்யா. மாதாகோயில்ல பாடுறப்ப ஒரு சாமியார் வயித்துலேர்ந்து மூச்செடுக்கப் பழக்கிவிட்டார், அது ஒண்ணு. கத்த வேண்டிய எடத்துல கையைத் தட்டிருவேன். மத்தியானம் பத்து நிமிசம் வாய்க்கு லீவு." கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தான். "அது போக, நான் வந்து அஞ்சு மாசந்தானே ஆகுது? ஒன்பது வருசம் ஒத்தையில கெடந்திருந்தா என் தொண்டை எப்பவோ போயிருக்கும். எனக்குச் சொல்ல வெக்கமா இருக்கு. இந்த இருபது நாள்லயே சனிக்கிழமையானா ஜுரம் அடிக்குது."

அத்தை சொல்வாள்: அந்த 'ஜுரம் அடிக்குது' என்ற சொல் காதில் விழுந்ததும் மாமாவின் முகம் தெளிந்ததாம். அவள் அதை மறைத்துச் சொன்னதே இல்லை. பாவம் என்று பட்டிருக்கலாம், சந்தோஷமாகவும் இருந்திருக்கலாம். இரண்டுமே இருந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இவ்வளவு தள்ளி இருந்துகொண்டு ஒரு மனிதரின் முகத்தைப் பற்றி இதற்கு மேல் அடித்துச் சொல்லப் பயமாக இருக்கிறது.

மாமா சிலேட்டில் ஒரு வரி எழுதி நீட்டினார். அந்தோணிமுத்து வாய்விட்டுப் படித்தான். "'இவளுக்கு இனிமேல் நான் சொல்லிக்கொடுப்பேன்.' சரிங்கய்யா. நல்லா வாங்கிக்கிறாங்க. எழுத்தெல்லாம் அடையாளம் தெரியுது, எழுதத்தான் இன்னைக்கு ஆரம்பிச்சாங்க."

அவன் 'நல்லா வாங்கிக்கிறாங்க' என்று சொன்னதுகூட மாமாவுக்குப் பிடிக்கவில்லை. அதைக் கண்டுபிடிக்க வேண்டியவர் அவர்.

மிச்சம் பத்து நாளும் வீட்டில் பாடம் நடந்தது. வாத்தியாருக்கு வாய் கிடையாது. மாணவிக்கு வாய் நிற்காது. "இம்புட்டு வளைவு எதுக்கு இந்த எழுத்துக்கு? நேரா போட்டா ஆகாதா?" என்பாள். அவர் விரலால் வளைவைக் காட்டுவார். தப்பாகப் போட்டால் அழிப்பார். சரியாகப் போட்டால் சிலேட்டின் மூலையில் ஒரு புள்ளி வைப்பார். ஒரு நாள் மத்தியானம் அவரே பாயை விரித்துப் பத்து நிமிஷம் படுத்தார். கைக்குட்டை மட்டும் போட்டுக்கொள்ளவில்லை, அது அவனுடையது. அந்த வாரம் சோடா உப்புப் பொட்டலம் அவிழ்க்கப்படாமலே கிடந்தது.

முப்பதாம் நாள் டாக்டர் கண்ணாடியை விட்டுப் பார்த்தார். "வத்திருச்சு. நாளையிலேர்ந்து பேசலாம். ஆனா மறுபடி கத்தினீங்கன்னா எங்கிட்ட வராதீங்க" என்றார்.

திரும்பி வந்து மாமா வெகுநேரம் சிலேட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எழுதினார், அழித்தார், எழுதினார். பிறகு அத்தையிடம் கொடுத்தார். வாசலில் தூறல் போட்டுக்கொண்டிருந்தது. அத்தை நிலைப்படியில் சாய்ந்துகொண்டு, விரலை வைத்து, ஒவ்வோர் எழுத்தாக இறக்கினாள்.

"நா...லு... அஞ்... ஐந்து... நீ எடு. ஒன்று இரண்டு மூன்று... நான்... எடுக்கி...றேன்."

நிமிர்ந்தாள். அர்த்தம் புரிவதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பெரிய வகுப்புகள் இரண்டையும் அவர் அந்தோணிமுத்துவுக்கு விட்டுக் கொடுக்கிறார். ஹெட்மாஸ்டர்மார் சின்னப் பிள்ளைகளை எடுத்ததாக அந்தப் பக்கத்தில் யாரும் கேள்விப்பட்டதில்லை.

"நெசமாவா?"

மாமா தலையாட்டினார்.

"இதுக்கு எதுக்கு சிலேட்டு? மழையில தூக்கிட்டுப் போகணுமா? நான் போயி வாயாலயே சொல்லிப்பிடுறேன். இல்லேன்னா நாளைக்கு நீங்களே பேசிக்கிருங்க."

மாமா வேண்டாம் என்று கையை அசைத்தார். சிலேட்டைத்தான் காட்ட வேண்டும் என்று பிடிவாதமாக அதைத் தட்டிக் காட்டினார். அத்தை மறுபடி சிலேட்டைப் பார்த்தாள். அச்சில் வார்த்தது மாதிரி ஒவ்வோர் எழுத்தும், கோடு கிழிக்காமலே ஒரே மட்டத்தில் நின்றது. பள்ளிக்கூடத்துக்குப் போய் வந்த நாட்களில் அந்தோணிமுத்து கையெழுத்தையும் பார்த்தவள்தான் அவள். அது கோழி கிளறினது மாதிரி இருக்கும்.

"ஓ" என்றாள். "ஒங்க எழுத்து அவரு எழுத்த விட நல்லாருக்குன்னு அவரு பாக்கணும். அதானே?"

மாமா ஓட்டு முகட்டைப் பார்த்தார்.

அத்தை சிலேட்டை முந்தானைக்குள் வைத்து மூடிக்கொண்டு, எழுத்து நனையாமல் பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள்.